விசில் இல்லாத கண்டக்டர்: கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சியை முதன்முறை நடத்தப் போகிறவருக்கு

கோவை காந்திபுரத்தில் நின்றுகொண்டு "நான் கண்டக்டர்" என்று சொன்னால், எந்த ரூட்டு என்றுதான் கேட்பார்கள். என் பெரியம்மா இன்றைக்கும் விடுவதில்லை. "ஏங்கண்ணு, டிக்கெட்டும் கிழிக்கறதில்ல, விசிலும் ஊதறதில்ல, அப்புறமென்ன கண்டக்டரு?" நான் சொல்வது, பாடுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் கையசைத்து ஒன்றாக நடத்தும் கண்டக்டர். ஆர்கெஸ்ட்ரா என்ற சொல்லுக்கும் இதே கதிதான். நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கோயில் நோம்பிக்கு மேடை போட்டுச் சினிமாப் பாட்டுப் பாடுகிற இன்னிசைக் குழு. வயலின் படிக்கும் பெண்ணைச் சேர்க்கப் போனபோது அவளுடைய அப்பா முதலில் கேட்டதே, "ராத்திரி நோம்பிக்கெல்லாம் அனுப்போணுங்களா?" என்பதுதான்.

ஆகவே சபையிலோ குடியிருப்புச் சங்கத்திலோ "இந்த வருசம் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை நீங்களே நடத்துங்க" என்று உங்களிடம் ஒப்படைத்திருந்தால், முதல் வேலை இது என்ன வேலை என்று நீங்களே தெரிந்துகொள்வது. இருபத்தைந்து முப்பது பேர் பாடுவார்கள், பத்துப் பன்னிரண்டு பேர் வாசிப்பார்கள், யாருக்கும் இது தொழில் இல்லை. அந்த அளவுக் குழுவை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் முதலில் பாடகர் குழுவைப் பயிற்றுவிப்பவனாக இருந்தேன், பிறகுதான் கண்டக்டரின் தாளக் குச்சியைக் கையில் எடுத்தேன். இரண்டு பக்கத்து வலியும் தெரியும்.

இருவர் வேலை, ஒருவர் கை

பாடகர் குழுவின் இயக்குநர், வாத்தியக் குழுவை நடத்தும் கண்டக்டர் என்று இருவர் இருந்தால் நல்லது. முன்னவர் பல வாரங்கள் உட்கார்ந்து சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்), டெனர் (ஆண்களின் மேல்குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) என்று நான்கு குரல்களையும் தனித்தனியாகப் பழக்குவார். உச்சரிப்பும் மூச்சும் அவர் பொறுப்பு. பின்னவர் வாத்தியங்களைச் சேர்ப்பார், கடைசியில் எல்லோரையும் ஒன்றாக்குவார். மேடையில் மட்டும் ஒரே கைதான் இருக்க வேண்டும்.

எங்கள் முதல் வருடம் இதைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நான் ஓரத்தில் நின்று பாடகர்களுக்குக் கை காட்டினேன், நண்பர் நடுவில் நின்று வாத்தியக்காரர்களுக்குக் காட்டினார். பாடகர்கள் பழக்கதோசத்தில் என்னைப் பார்த்தார்கள். இரண்டாவது சரணத்தில் கீபோர்டு ஒரு வார்த்தை முன்னால், ஆல்டோ ஒரு வார்த்தை பின்னால். முன்வரிசைப் பாட்டி ஒருவர் மட்டும் சரியான வேகத்தில் பாடிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து செப்டம்பரிலேயே இருவரும் ஒரே இசைப் பிரதியை நடுவில் வைத்து உட்கார்ந்துவிடுவோம். எங்கே மூச்சு, எங்கே வெட்டு (அதாவது குரலை நிறுத்தும் இடம்), எந்த வேகம். வேகத்தை, நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற மெட்ரோனோம் எண்ணாகவே எழுதி விடுகிறோம், ஏனென்றால் "கொஞ்சம் மெதுவா" என்பது ஆளுக்கு ஆள் வேறு. நிகழ்ச்சியன்று பாடகர் குழு இயக்குநர் டெனர் வரிசையில் போய் நின்றுகொள்ளலாம். அங்கே எப்போதும் ஆள் பற்றாது.

தேதியும் ஆட்களும்

கொங்கு நாட்டில் இந்த நிகழ்ச்சிக்குத் தேதி குறிப்பதில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று பள்ளிக்கூடம். டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். பிள்ளைகள் இருக்கும் குழு என்றால் தேர்வுக்கு முந்தைய ஞாயிறுக்கு நிகழ்ச்சியை வைத்துவிடுங்கள், அல்லது தேர்வு முடிந்த பிறகு வையுங்கள். நடுவில் வைத்தால் அம்மாக்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

இன்னொன்று முகூர்த்தம். நல்ல ட்ரம்பெட், கிளாரினெட் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? கல்யாண பேண்டு செட்டில்தான். கார்த்திகை முகூர்த்த நாட்களில் அவர்களைப் பிடிக்கவே முடியாது. மார்கழி பிறந்ததும் கல்யாணங்கள் நின்றுவிடும், ஆட்கள் கிடைப்பார்கள். அதனால் டிசம்பர் 16-க்குப் பிறகு நிகழ்ச்சி என்றால் வாத்தியக்காரர்களுக்கு வசதி. ஆனால் ஒத்திகைகள் கார்த்திகையில் விழும் என்பதால் முகூர்த்த நாள் பார்த்தே ஒத்திகைக்கும் நாள் குறிக்க வேண்டும். நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு முகூர்த்தம் பார்க்கும் கிறிஸ்தவன் கோவையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பேண்டு செட் ஆட்களுக்குச் சம்பளமும் பஸ் செலவும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "சேவைதானுங்களே" என்று இழுக்காதீர்கள். உங்களுக்குச் சேவை, அவருக்குப் பிழைப்பு.

பாட்டுத் தேர்வு

தமிழ்ச் சபைகளில் இரண்டு வகைப் பாட்டுகள் உண்டு, இரண்டையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. பாமாலை என்பது மேற்கத்திய மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாட்டு. நான்கு குரல்களாகப் பிரியும், கண்டக்டர் வேண்டும். கீர்த்தனை என்பது தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் ராகம், தாளம் வைத்துப் பாடிய மரபு. அது ஒரே குரலாகப் பாடப்படுவது. அதில் போய் நான்கு குரலைத் திணித்தால், சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் செத்துவிடும். கீர்த்தனை வரும்போது நான் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மிருதங்கக்காரர் பக்கம் கையைக் காட்டி ஒதுங்கிக்கொள்வேன். தெரியாத இடத்தில் ஒதுங்குவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

முதல் வருடம் எட்டுப் பாட்டுக்கு மேல் வேண்டாம். நான்கு பாமாலை, இரண்டு கீர்த்தனை, வாத்தியம் மட்டும் ஒன்று, கடைசியில் கூட்டமும் சேர்ந்து பாட ஒன்று. டெனர் ஆட்கள் இல்லையென்றால் சோப்ரானோ, ஆல்டோ, ஆண்குரல் என்று மூன்றாகவே அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தொண்டை கிழியப் பாடும் டெனர் வரிசையை விட அது கேட்க நன்றாக இருக்கும்.

யாராவது ஒருவர் நிச்சயம் ஹேண்டலின் அல்லேலூயா கோரஸ் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கோரஸ் இடம்பெறும் மேசியா என்ற முழுப் படைப்பையும் இசையமைப்பாளர் ஹேண்டல் 1741-ல் மூன்றரை வாரத்தில் எழுதி முடித்தார் என்பது உண்மை, அதற்காக நாம் மூன்றரை வாரத்தில் பாடிவிட முடியாது. சோப்ரானோ ஒரே சுரத்தில் நீண்டு நின்று, பிறகு படிப்படியாக மேலே ஏறும் இடம் ஒன்று அதில் உண்டு. அங்கே பழகாத குழு சுருதி இறங்கிவிடும், ட்ரம்பெட் இறங்காது. இன்னொன்று, 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் முதன்முதலாக அரங்கேறியபோது அது ஈஸ்டரை ஒட்டிய காலத்துப் படைப்பு. கிறிஸ்துமஸுக்கு அது இல்லாமல் முடியாது என்று யாராவது வாதாடினால் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

காகிதம்

புதியவர்கள் அலட்சியமாக விடுவது இதைத்தான். நம் குழுவில் மூன்று விதமாகப் படிப்பவர்கள் இருப்பார்கள். மேற்கத்திய இசைக்கான ட்ரினிட்டி கிரேடு தேர்வு எழுதும் பிள்ளைகள் ஐந்து கோட்டு ஸ்டாஃப் நோட்டேஷன் படிப்பார்கள். சபையில் வளர்ந்த பெரியவர்கள், டோ, ரே, மீ என்று சுரத்தை எழுத்தால் குறிக்கும் டோனிக் சோல்ஃபா படிப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வென் என்ற ஆங்கிலப் போதகர் பரப்பிய முறை அது, மிஷன் காலத்தோடு நம் சபைகளுக்குள் வந்தது. மூன்றாவது கூட்டம் எதையும் படிக்காது, ஆனால் ஒருமுறை கேட்டால் மறக்காது. அவர்களுக்கு ஒவ்வொரு குரலையும் தனியாகப் பாடி வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவருக்கு சோல்ஃபா உடனே பிடிபடும், 'டோ' இருக்கும் இடத்தில் ஸட்ஜம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு பொறி மட்டும் உண்டு. மைனர் பாட்டில் கர்வென் முறைக்காரர் 'லா'வை ஆதாரமாக வைப்பார், கர்நாடகக்காரர் அதையே 'ஸ' என்பார். இருவரும் சரிதான், ஆனால் ஒத்திகையில் அரைமணி நேரம் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

சுருதியைச் சொல்லும்போது கட்டையிலும் சொல்லுங்கள். ஒரு கட்டை என்றால் மேற்கத்திய சுரம் சி, இரண்டு என்றால் டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. பேண்டு செட் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பெரும்பாலும் பி-ஃப்ளாட் வாத்தியங்கள். அவர் காகிதத்தில் சி என்று பார்த்து ஊதினால் நமக்குக் கேட்பது பி-ஃப்ளாட். ஆகவே குழு டி மேஜரில் பாடினால் அவருடைய காகிதத்தில் இ மேஜர் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் கீபோர்டுக்காரரின் பிரதியை நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, "ஏனுங்ணா அபஸ்வரமா வருது?" என்று அவரைக் கேட்டவன் நான். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

வயலினிலும் கவனம். கர்நாடக வயலின்காரர் தரையில் சம்மணமிட்டு, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று கூட்டி வாசிப்பவர். மேற்கத்திய வயலின் ஜி, டி, ஏ, இ. இரண்டும் குழுவில் இருந்தால், யார் எந்தப் பாட்டுக்கு என்பதை முதலிலேயே பிரித்துவிடுங்கள். தரையில் உட்காருபவருக்கு முன்ஓரத்தில் தாழ்வான மேடை போடுங்கள், நாற்காலிகளுக்குப் பின்னால் உட்கார வைத்தால் உங்கள் முழங்காலைத்தான் பார்ப்பார்.

கடைசியாக, எல்லாப் பிரதியிலும் தாள எண்ணிக்கை ஒரு சுற்று வரும் ஒவ்வொரு இசைப்பட்டைக்கும் எண் போடுங்கள். சோல்ஃபா பிரதியிலும்தான். "இரண்டாம் பக்கம், மூன்றாவது வரி, அந்த நீண்ட சுரத்துக்கு அப்புறம்" என்று விளக்கிக்கொண்டிருந்தால் ஒத்திகை நேரம் பாதி அதிலேயே போய்விடும்.

கை

சரி, இனிக் கைக்கு வருவோம்.

முறை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. இரண்டு எண்ணிக்கைக்குக் கீழே, மேலே. மூன்றுக்குக் கீழே, வலது, மேலே. நான்குக்குக் கீழே, இடது, வலது, மேலே. ஒவ்வொரு பட்டையின் முதல் அடியும் கீழே விழும். கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் பழகினால் கைக்கு வந்துவிடும். குச்சி வாங்க ஓட வேண்டாம். நான் சீமாத்துக் குச்சி ஒன்றை ஒடித்துத்தான் ஆறு மாதம் பழகினேன். இலேசான குச்சி நல்லது. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையில் இருந்த இசையமைப்பாளர் லுல்லி, கனத்த நீண்ட தடியைத் தரையில் தட்டித் தாளம் காட்டுவார். ஒருநாள் தடி கால்விரலில் இறங்கிவிட்டது, புண் புரையோடி 1687-ல் இறந்துபோனார்.

நம்மவர்களுக்குக் கை அசைப்பது கடினம் இல்லை. சிறு வயதிலேயே தாளம் போடப் பழகியவர்கள். சிக்கலே அதில்தான். ஆதி தாளம் போடும் கை, இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்கிறது. பாட்டும் தட்டும் ஒன்றாக விழும். கண்டக்டரின் கை, அடுத்து என்ன வரப்போகிறது என்று சொல்ல வேண்டும். அடி விழும் நேரத்தில் கையைக் காட்டினால் முப்பது பேரும் அதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தொடங்குவார்கள். நீங்கள் அவர்களுக்காகக் காத்திருப்பீர்கள், அவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள், பாட்டு இழுத்துக்கொண்டே போகும்.

இதை எனக்குப் புரியவைத்தது எந்த இசைப் பள்ளியும் இல்லை, எங்கள் கொங்கு நாட்டு வள்ளி கும்மி. 2024-ல் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் போன்ற ஆசிரியர்கள் ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு மைதானத்தில் நூற்றுக்கணக்கான பெண்களும் பிள்ளைகளும் ஒரே சீருடைச் சேலையில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடவு மாறும்போது ஒருவர்கூட முட்டிக்கொள்ளவில்லை. எப்படி என்று கவனித்தேன். அடவு மாறுவதற்கு முன்பே வாத்தியாரின் குரல் மாறிவிடுகிறது. பழைய அடவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் அடுத்ததற்குப் போய்விட்டது. ஆடுகிறவர்கள் காதில் அது விழுந்து காலுக்குப் போக ஒரு நொடி கிடைக்கிறது.

நமக்கு அந்த ஒரு நொடி, முதல் அடிக்கு முந்தைய அடி. நான்கு எண்ணிக்கைப் பாட்டு முதலடியில் தொடங்குகிறது என்றால், நான்காவது அடியை மேல்நோக்கிக் காட்டுங்கள். அதைப் பாட்டின் வேகத்திலேயே காட்டுங்கள், அதோடு நீங்களும் வாயைத் திறந்து மூச்சை இழுங்கள். உங்கள் மூச்சைப் பார்த்தால் அவர்களும் இழுப்பார்கள். மூச்சு ஒன்றாக உள்ளே போனால் குரல் ஒன்றாக வெளியே வரும். மெதுவான பாட்டுக்கு மெதுவான மூச்சு, மென்மையான பாட்டுக்குச் சின்ன அசைவு. "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று வாயால் எண்ணுவது ஒத்திகைக்கு மட்டும்.

இதையே ஒரு வாரம் பழகுங்கள். குழு இல்லாமல் வீட்டில் ஒருவரை உட்கார வைத்து, உங்கள் மூச்சைப் பார்த்து அவர் ஒரு தட்டு தட்ட வேண்டும். வாயால் எதுவும் சொல்லக் கூடாது. பத்துக்கு எட்டு முறை அவர் தட்டும் உங்கள் கையும் ஒன்றாக விழுந்தால் நீங்கள் தயார். என் மகன் தட்டத்தில் கரண்டியால் அடித்து அடித்து எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தான்.

நிறுத்துவதற்கும் இதே விதிதான். நம் சொற்கள் ம், ன், ல் என்று மெய்யில் முடியும்போது பாடகர்கள் ஆசை ஆசையாக வாயை முன்கூட்டியே மூடி முனகத் தொடங்கிவிடுவார்கள். உயிரெழுத்தைக் கடைசி அடி வரை பிடித்து, உங்கள் கை வெட்டும் இடத்தில் மட்டும் மெய்யை வைக்கச் சொல்லுங்கள். அந்த வெட்டுக்கும் முன்னால் ஒரு சின்னத் தயாரிப்பு வேண்டும்.

உச்சரிப்பு பற்றி இன்னொன்று. மேற்கத்திய மெட்டில் தமிழ் உட்காரும்போது குறில் நீண்ட சுரத்தில் விழுந்து நெடிலாகிவிடும். "வரம்" கேட்டவர்கள் "வாரம்" கேட்டதுபோல் ஆகிவிடும். மெய்யெழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 1818 கிறிஸ்துமஸ் முன்னிரவில் ஆஸ்திரியாவின் ஓபர்ண்டார்ஃப் ஊரில் க்ரூபர் இசையமைத்துக் கிட்டாரோடு பாடப்பட்ட 'சைலண்ட் நைட்' என்ற தாலாட்டு மெட்டை, நாம் 'ஒப்பில்லா திரு இரா' என்று பாடுகிறோம். முதல் சொல்லின் 'ஒப்' இரண்டு சுரங்களில் போகிறது. பெரும்பாலோர் முதல் சுரத்திலேயே 'ப்' என்று உதட்டை மூடிவிடுவார்கள், இரண்டாவது சுரம் காணாமல் போகும். இரண்டிலும் 'ஒ'வைத் திறந்து வைத்து, மூன்றாவது சுரத்தைத் தொடும் கணத்தில் 'ப்' வர வேண்டும். இந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் கால்மணி நேரம் செலவழிப்போம். பட்டைக்கு ஆறு எண்ணிக்கை வரும் 6/8 பாட்டு என்பதால் பழகும்போது ஆறாக எண்ணுங்கள், மேடையில் இரண்டாக ஆட்டுங்கள். ஆறையும் கையில் காட்டினால் தாலாட்டு அணிவகுப்பாகிவிடும்.

ஒத்திகை

ஞாயிறு மதியம் மூன்று முதல் ஐந்தரை. திருப்பூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வருகிறவர்களுக்கு இருட்டுவதற்குள் பஸ் ஏற வேண்டும். சொன்ன நேரத்தில் முடித்தால் அடுத்த வாரமும் வருவார்கள். மதியமே வரச் சொன்னால் சாப்பாடு போடுங்கள், அரிசிம்பருப்பு சாதமும் தயிரும் போதும். இடைவேளையில் முறுக்கும் கடலையும் கூடாது. ஒரு துணுக்கு தொண்டையில் மாட்டினால் அரைமணி நேரம் இருமல்தான்.

முதலில் குரல்கள் தனியாக, வாத்தியம் தனியாக. கடைசி மூன்று வாரம் சேர்ந்து. சேர்ந்த ஒத்திகையில் பாட்டைத் தொடக்கத்திலிருந்து ஓட்டாதீர்கள், கடினமான எட்டுப் பட்டைகளை முதலில் எடுங்கள். நிறுத்தினால் யார், எங்கே, என்ன என்ற வரிசையில் சொல்லுங்கள்: "ஆல்டோ, 24-ஆம் பட்டையிலிருந்து, இன்னும் மென்மையாக." அதற்கு மேல் பேச வேண்டாம். அவர்கள் பாட வந்தவர்கள், நம் பிரசங்கம் கேட்க வந்தவர்கள் இல்லை.

இந்த நேரத்தில் பாடகர் குழு இயக்குநர் கடைசி வரிசை பெஞ்சில் போய் உட்கார வேண்டும். குச்சி பிடித்தவருக்குப் பக்கத்து கீபோர்டு மட்டும்தான் கேட்கும். வார்த்தை புரிகிறதா என்பது பின்னால் இருப்பவருக்குத்தான் தெரியும்.

அந்த நாள்

சுருதி முதலில். ஆர்மோனியத்தை அங்கேயே திருத்த முடியாது, கீபோர்டில் ஏ சுரம் வழக்கமாக 440 ஹெர்ட்ஸில் இருக்கும். ஆர்மோனியம் அதோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள், ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் ஒரே பாட்டில் சேர்க்காதீர்கள். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் சுழியத்தில் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். முந்தின நாள் யாரோ அரைக் கட்டை ஏற்றி வைத்துவிட்டுப் போன கீபோர்டோடு ஒரு முழு முன்னிசையை நாங்கள் வாசித்திருக்கிறோம்.

திறந்தவெளி என்றால் மார்கழிப் பனியைக் கணக்கில் எடுங்கள். குளிரில் ஊதும் வாத்தியங்களின் சுருதி இறங்கும், ஈரத்தில் தபலாவின் தோல் தளரும். வாசிப்பதற்குச் சற்று முன் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கிவிடுங்கள், இரவு பத்து மணிக்கு மேல் கூடாது. உள்ளரங்கு என்றால் எதிரி மின்விசிறி. பிரதிகள் பறக்கும். ஒரு டஜன் துணிக் கிளிப் கையில் இருக்கட்டும். மைக் செட்காரரை முந்தின நாள் ஒத்திகைக்கே வரவழைத்து, பாடகர்களை டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

மெழுகுவத்திப் பாட்டு என்று ஒன்று எல்லா நிகழ்ச்சியிலும் உண்டு. விளக்கை அணைப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். எங்கள் இரண்டாவது வருடம் அணைத்த நொடியில் வயலின் நின்றது, பிறகு புல்லாங்குழல் நின்றது. யாருக்கும் காகிதமும் தெரியவில்லை, என் கையும் தெரியவில்லை. அந்த ஒரு பாட்டை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். உங்கள் முகத்துக்கு ஒரு சின்ன விளக்கு கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

முடிந்ததும் வாத்தியக்காரர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கையைக் காட்டுங்கள், பிறகு பாடகர்களை. சபைக்குள் சிலர் கைதட்டமாட்டார்கள், அது வழக்கம். பேண்டு செட் அண்ணன்களுக்குப் பணத்தை அவர்கள் வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அப்புறம் கேக்குக்கு ஓடுவதற்கு முன் வாசலில் நின்று பாட்டுப் பிரதிக் கோப்புகளை வாங்கிவிடுங்கள், ஒவ்வொன்றிலும் எண் போட்டிருந்தால் நல்லது. நாங்கள் இருபத்தெட்டு கொடுத்தால் இருபத்தாறு திரும்பும். மீதி இரண்டும் பிப்ரவரியில் யாராவது வீட்டு அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து வரும்.